பவர் மெஷின் பாய்கிறதா? டேபிளுக்குக் கீழே குனிந்து பாருங்கள்

பவர் மெஷினில் முதல்முறையாக உட்காருகிற எல்லோரும் என்னிடம் சொல்வது ஒரே வார்த்தைதான். "அக்கா, கால் வச்சதுமே ஓடிப் போயிடுது." வீட்டில் கால் மெஷினில் பத்து வருஷம் ஜாக்கெட் தைத்தவர்களும் இதையேதான் சொல்வார்கள். பழகினால் சரியாகிவிடும் என்று பதில் வரும், அதுவும் பாதி உண்மைதான். மீதிப் பாதி டேபிளுக்கு அடியில், மோட்டாரின் முனையில், தட்டு மாதிரி மாட்டியிருக்கிறது. பெல்ட் ஓடுகிற அந்தச் சக்கரத்தைத்தான் புல்லி என்கிறோம், அதை மாற்றினால் அதே மெஷின், அதே மோட்டார், ஆனால் உங்கள் கால் சொன்னபடி கேட்கும்.

நான் காவேரிப்பட்டணம் பக்கம் வீட்டிலேயே நான்கு மெஷின் போட்டு நைட்டி, உள்பாவாடை, பள்ளிச் சீருடை தைக்கிறேன். அதற்கு முன்னால் ஆறு வருஷம் ஓசூர்ப் பக்கம் ஒரு கார்மெண்ட்ஸில் இருந்தேன். அங்கே ஆபரேட்டர் மெஷினைத் தொடக்கூடாது. நூல் அறுந்தால் கோர்க்கலாம், ஊசி உடைந்தால்கூட கையைத் தூக்கிவிட்டு மெக்கானிக் அண்ணன் வரும்வரை சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். வீட்டுக்கு வந்த பிறகு கையைத் தூக்கினால் யாரும் வரவில்லை. கிருஷ்ணகிரியிலிருந்து ஆளை வரவழைத்தால் அன்றைய வேலையே போய்விடும், அதனால் ஒவ்வொன்றாக நானே கற்றுக்கொண்டேன், சிலவற்றை உடைத்தும் கற்றுக்கொண்டேன்.

நம் பக்கம் வீடுகளில் இருக்கிற பவர் மெஷின் நிறைய கம்பெனியில் ஓடிக் கழித்தவை. கம்பெனிக்கு வேண்டியது வேகம். ஒரே நேர் தையலை ஒரு நாள் முழுக்க ஓட்டுகிற ஆளுக்காகப் பெரிய புல்லி போட்டு வைத்திருப்பார்கள். அதை அப்படியே வாங்கி வந்து கழுத்து வளைவும் பாக்கெட் மூலையும் தைக்க உட்கார்ந்தால் பாயத்தான் செய்யும்.

முதலில் கொஞ்சம் கணக்கு, பயப்பட வேண்டாம், நாலாம் வகுப்புக் கணக்குதான். மோட்டாரின் மேல் ஒட்டியிருக்கும் தகட்டில் சுற்று எவ்வளவு என்று இருக்கும். கிளட்ச் மோட்டாரில், அதாவது எப்போதும் சுற்றிக்கொண்டே இருந்து பெடல் மிதிக்கும்போது மெஷினைப் பிடித்துச் சுற்றுகிற பழைய வகையில், பெரும்பாலும் 2850 என்றோ அதை ஒட்டியோ போட்டிருக்கும். 1440-ஐ ஒட்டி இருந்தால் அது மெதுவான வகை, உங்களுக்கு அதிர்ஷ்டம். மோட்டார் சுற்றை மோட்டார் புல்லியின் விட்டத்தால் பெருக்கி, மெஷினின் கை வீலில் பெல்ட் ஓடும் இடத்து விட்டத்தால் வகுத்தால், ஒரு நிமிஷத்துக்கு எத்தனை தையல் என்று வந்துவிடும். விட்டம் அளக்கும்போது வெளி விளிம்பை அளந்து 5 மி.மீ. கழித்துக்கொள்ளுங்கள், பெல்ட் பள்ளத்துக்குள் கொஞ்சம் இறங்கித்தானே ஓடுகிறது. விட்டம் அளக்கிற வெர்னியர் கருவி இல்லையா, விளிம்பைச் சுற்றி ஒரு நூலைச் சுற்றி, அந்த நீளத்தை 3.14-ஆல் வகுத்தாலும் போதும், தையல்காரர் வீட்டில் நூலுக்கும் டேப்புக்குமா பஞ்சம்.

என் முதல் மெஷினில் மோட்டார் புல்லி வெளியளவு 110, கை வீல் 80. கழித்தால் 105, 75. அப்படியென்றால் 2850 பெருக்கல் 105 வகுத்தல் 75, வருவது 3990. நிமிஷத்துக்கு நாலாயிரம் தையல் என்றால் ஒரு செகண்டுக்கு 66 முறை ஊசி இறங்கி ஏறுகிறது. தையல் நீளம் 2.5 மி.மீ. வைத்திருந்தால் நிமிஷத்துக்குப் பத்து மீட்டர் துணி ஓடும்; ஐந்தரை மீட்டர் சேலையின் ஓரம் அரை நிமிஷத்தில் முடிந்துவிடும் என்கிற கணக்கு. அந்த வேகத்தில் கழுத்துப் பட்டி தைக்கச் சொன்னால் எந்தப் பெண்ணுக்குத்தான் கை வரும். அதில் 60 மி.மீ. புல்லி போட்டேன், அதாவது கணக்குக்கு 55. இப்போது 2090 தையல், கிட்டத்தட்ட பாதி. 50 புல்லி போட்டால் 1710 வரும். அதற்குக் கீழே நான் போகமாட்டேன். சின்னப் புல்லியைச் சுற்றி பெல்ட் ரொம்ப மடங்க வேண்டியிருக்கிறது, பிடிப்பும் குறைகிறது, ஒரு மாசத்தில் பெல்ட் உள்பக்கம் வெடித்துக் காட்டும்.

வேகம் குறைவது மட்டும் லாபம் இல்லை. புல்லி பாதியானால் ஊசிக்குப் போகிற பலம் கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிறது, சைக்கிளில் மேடு ஏற கியர் மாற்றுவது மாதிரி. ஜீன்ஸ் மடிப்பு நான்கைந்து அடுக்கு வரும் இடத்தில் முன்பெல்லாம் மெஷின் முக்கி நின்றுவிடும், நான் கையால் வீலைச் சுற்றிக் கடத்துவேன். இப்போது அப்படி இல்லை. பள்ளிப்பை, ரெக்சின், தார்ப்பாய் தைப்பவர்களுக்கு இதுதான் பெரிய விஷயம். பெங்களூர் ரோட்டை ஒட்டி லாரி சீட் தைக்கிற கடைக்காரர்கள் இதை எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. பெரிய புல்லியோடு மெதுவாகத் தைக்க என்ன செய்கிறோம், பெடலைப் பாதி மிதித்துக்கொண்டே ஓட்டுகிறோம். அப்போது கிளட்ச் பாதி ஒட்டியும் ஒட்டாமலும் உராய்ந்துகொண்டே இருக்கும். மோட்டார் பக்கத்திலிருந்து கருகின மாதிரி ஒரு வாசனை வருமே, அது கிளட்ச் தேய்கிற வாசனை. சின்னப் புல்லி போட்டால் பெடலை தைரியமாக முழுசாக மிதிக்கலாம், கிளட்சும் பிழைக்கும்.

சரி, கடைக்குப் போகும் முன் பார்த்து எழுதிக்கொள்ள வேண்டியவை. இதில்தான் நான் இரண்டு முறை பஸ் செலவை வீணாக்கினேன். முக்கியமானது புல்லியின் நடு ஓட்டையின் அளவு. நான் பார்த்தவரை பாதிக்கு மேல் 15 மி.மீ., சில மோட்டாரில் முக்கால் இஞ்சு, அதாவது 19 மி.மீ. முதல்முறை "பவர் மெஷின் மோட்டாருக்கு சின்ன புல்லி ஒன்னு குடுங்க" என்று சொல்லி வாங்கி வந்தேன். வந்தது 19, என் மோட்டார் 15. வளையல் மாதிரி ஆடியது. தகரத்தைச் சுற்றி உள்ளே சொருகிவிடலாம் என்று பக்கத்து வீட்டு அண்ணன் யோசனை சொன்னார். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், மையம் தவறிய புல்லி குதித்துக் குதித்து ஓடும், பேரிங் போகும். ஒரேயடியாக சரியான அளவு கிடைக்கவில்லை என்றால் லேத் பட்டறையில் அளவுக்குப் புஷ், அதாவது ஓட்டைக்குள் பொருந்துகிற இரும்பு வளையம், கடைந்து போடுவார்கள், அது வேறு.

இரண்டாவது, ஓட்டை நேராக இருக்கிறதா, ஒருபக்கம் குறுகிப் போகிறதா. ஷாஃப்டின், அதாவது புல்லி மாட்டியிருக்கிற மோட்டார் தண்டின், முனையில் நட்டு போட்டு இறுக்கிய வகையில் ஷாஃப்ட் லேசாகக் கூம்பி இருக்கலாம். அதற்கு நேர் ஓட்டைப் புல்லி சேராது. கீ வெட்டு இருக்கிறதா என்பதையும் பாருங்கள். ஷாஃப்டிலும் புல்லியிலும் சேர்த்து ஒரு சின்னப் பள்ளம் வெட்டி, நடுவில் ஒரு இரும்புத் துண்டு வைத்திருப்பார்கள், புல்லி வழுக்காமல் இருக்க. மூன்றாவது பெல்ட் பள்ளம். தையல் மெஷினில் ஓடுவது எம் பெல்ட், மேல் அகலம் சுமார் 10 மி.மீ. கிணத்து மோட்டாருக்கும் மாவு மில்லுக்கும் போடுகிற ஏ பெல்ட் 13, பி பெல்ட் 17. அந்தப் பள்ளம் உள்ள புல்லியில் எம் பெல்ட் அடியில் போய் உட்கார்ந்துவிடும். பெல்ட் பிடிப்பது பள்ளத்தின் இரண்டு சுவர்களில்தான், அடியில் இல்லை. அடி தொட்டால் வழுக்கும். பெல்ட்டை வைத்துப் பார்த்தால் அதன் முதுகு விளிம்புக்குச் சமமாக நிற்க வேண்டும். இதையெல்லாம் வாயால் விளக்குவதைவிட சுலபமான வழி, பழைய புல்லியைக் கழற்றி மஞ்சப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போவதுதான். கிருஷ்ணகிரி, தர்மபுரியில் கிடைக்காத அளவு ஓசூரிலோ பெங்களூரிலோ திருப்பூரிலோ கிடைத்துவிடும்.

பெல்ட்டும் சேர்த்து வாங்க வேண்டும், இதைப் பலர் மறந்துவிட்டு வந்து நிற்பார்கள். புல்லி சின்னதானால் பழைய பெல்ட் தொளதொளவென்று தொங்கும். எவ்வளவு குறைக்க வேண்டும் என்றால், பழைய விட்டத்துக்கும் புது விட்டத்துக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதியை எடுத்து 3.14-ஆல் பெருக்குங்கள். 110-லிருந்து 60 என்றால் வித்தியாசம் 50, பாதி 25, பெருக்கினால் 78 மி.மீ., ஏறக்குறைய 3 இஞ்சு. என்னிடம் இருந்தது எம்-42, நான் வாங்கியது எம்-39, அந்த எண் இஞ்சில் நீளம். மோட்டாரைக் கொஞ்சம் கீழே இறக்கி ஏற்ற முடியும் என்பதால் ஒரு இஞ்சு முன்பின் ஆனாலும் சமாளிக்கலாம்.

இப்போது கழற்றுவது. சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கைப் பிடுங்கிக் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் வையுங்கள். வீட்டில் யாராவது செல்போன் சார்ஜ் போட வந்து கை தவறி அந்த சுவிட்சைத் தட்டுவார்கள், நடக்காது என்று நினைக்காதீர்கள். கிளட்ச் மோட்டாரில் உள்ளே ஒரு கனமான சக்கரம் இருக்கிறது, கரண்ட் போன பிறகும் அது கொஞ்ச நேரம் சுற்றிக்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் பெடலில் கால் பட்டால் மெஷின் ஓடும். அதனால் பிளக்கைப் பிடுங்கிய பிறகு, பிரஷர் ஃபுட்டைத் தூக்கிவிட்டு, பெடலை மிதித்து மிச்ச ஓட்டத்தையும் தீர்த்துவிடுங்கள். சத்தம் முழுசாக அடங்கின பிறகுதான் கை. பெடல் மிதித்தால் மட்டும் சுற்றுகிற சர்வோ மோட்டார் என்றால் பிளக்கைப் பிடுங்கி ஒரு பத்து நிமிஷம் விட்டுவிடுங்கள், உள்ளே கரண்ட் தேங்கியிருக்கும். துப்பட்டாவைக் கழற்றி வையுங்கள், பின்னலைத் தூக்கிக் கொண்டை போடுங்கள்.

பெல்ட் கவரின் ஸ்க்ரூக்களைக் கழற்றி ஒரு கிண்ணத்தில் போடுங்கள். மோட்டாரைத் தாங்குகிற போல்ட்டை லேசாகத் தளர்த்தி, மோட்டாரைக் கொஞ்சம் மேலே தூக்கினால் பெல்ட் தளரும். பெல்ட்டைக் கை வீல் பக்கம் ஓரமாக இழுத்துப் பிடித்து வீலை மெதுவாகச் சுற்றினால் தானாக வெளியே வந்துவிடும். விரல் வீலுக்கும் பெல்ட்டுக்கும் நடுவில் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். மோட்டாரை டேபிளிலிருந்து கழற்ற வேண்டிய அவசியமே இல்லை. அது ஒரு ஆள் தூக்குகிற சமாசாரமும் இல்லை.

கீழே படுத்து டார்ச் அடித்துப் பாருங்கள். நட்டு வகை என்றால் ஷாஃப்ட் முனையில் நட்டு தெரியும். ஸ்பேனர் போட்டுத் திருப்பும்போது புல்லியும் சேர்ந்து சுற்றும், கையால் பிடித்தால் நிற்காது. அதற்குப் பழைய பெல்ட்டைப் புல்லியின் பள்ளத்தில் சுற்றி, இரண்டு முனையையும் சேர்த்து முறுக்கிப் பிடித்துக்கொண்டால் நன்றாகப் பிடிக்கும். ஸ்பேனரில் பலம் போடும் முன் மரை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பார்த்துவிடுங்கள், எதிர்ப்பக்கம் இறுக்கிவிட்டால் அப்புறம் கஷ்டம்.

நட்டு இல்லை என்றால் புல்லியின் கழுத்தில் கிரப் ஸ்க்ரூ இருக்கும், அலன் கீ போடுகிற சின்னத் தலையில்லாத ஸ்க்ரூ. பெரும்பாலும் இரண்டு, ஒன்று கீயின் மேல், இன்னொன்று கால்வட்டம் தள்ளி. அலன் கீயை உடனே சொருகாதீர்கள். பஞ்சும் எண்ணெயும் சேர்ந்து அந்தக் குழி சந்தனம் மாதிரி இறுகிப்போயிருக்கும். பழைய ஊசி ஒன்றை எடுத்துக் குழி முழுவதையும் சுரண்டி, வாயால் ஊதி, அலன் கீ அடி வரைக்கும் இறங்குகிறதா என்று பார்த்த பிறகே திருப்ப வேண்டும். அரைகுறையாகச் சொருகித் திருப்பினால் ஆறு மூலையும் உருண்டுவிடும், பிறகு டிரில் போட்டுத்தான் எடுக்க வேண்டும். இன்னொரு ரகசியம், மெக்கானிக் அண்ணன் சொன்னது: சிலர் ஒரு கிரப் ஸ்க்ரூ கழன்றுவிடாமல் இருக்க அதன் தலைமேல் இன்னொன்றைப் போட்டு இறுக்கியிருப்பார்கள். மேலே இருப்பதை எடுத்துவிட்டு, கழன்றுவிட்டது என்று நினைத்து இழுத்து இழுத்துப் பார்ப்போம், வராது. ஒன்று வந்ததும் அதே குழிக்குள் ஊசியை விட்டு இன்னொன்று இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள்.

ஸ்க்ரூ எல்லாம் எடுத்த பிறகும் புல்லி அசையாது. பத்து வருஷத் துரு பிடித்துப்போய் இருக்கும். இங்கேதான் எல்லோருக்கும் சுத்தியல் ஞாபகம் வரும். எனக்கும் வந்தது. பின்பக்கம் ஒரு கட்டையை வைத்து இரண்டு தட்டு தட்டினேன், மூன்றாவது தட்டில் விளிம்பில் ஒரு துண்டு அப்படியே கழன்று தரையில் விழுந்தது. எங்கள் ஊர் நிப்பட்டை, அதான் தட்டையை, ஒரு கடி கடித்து வைத்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. அலுமினியப் புல்லி, அடி தாங்காது. வார்ப்பு இரும்பும் விரியும். புல்லியாவது போகட்டும், அந்த அடி ஷாஃப்ட் வழியாகப் பேரிங்குக்குத்தான் போகிறது, ஷாஃப்ட் ஒரு மயிரிழை வளைந்தாலும் மோட்டார் வாழ்நாள் முழுக்க முனகிக்கொண்டே ஓடும்.

சரியான வழி புல்லர். இரண்டு மூன்று கொக்கிக் கால்கள், நடுவில் ஒரு நீள ஸ்க்ரூ. கால்கள் புல்லியின் பின்னால் பிடித்துக்கொள்ள, நடு ஸ்க்ரூ ஷாஃப்டை அழுத்த, திருப்பத் திருப்பப் புல்லி தானாக வெளியே வரும். காசு கொடுத்து வாங்க வேண்டாம், மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடையில் நிச்சயம் இருக்கும், டூ வீலர் பட்டறையிலும் இருக்கும். எங்கள் ஊர்க் காயில் கடையில் ஒரு மணி நேரத்துக்குக் கேட்டால் கொடுப்பார்கள், என்ன, அதற்குள் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். கொக்கியை விளிம்பில் மாட்டாதீர்கள், நடுக் கழுத்துக்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அங்கே மாட்டுங்கள். விளிம்பில் மாட்டினால் அது வளையும்.

அப்படியும் வரவில்லை என்றால் அன்று ராத்திரி ஷாஃப்டும் புல்லியும் சேருகிற இடத்தில் துரு நீக்கும் எண்ணெய் இரண்டு மூன்று சொட்டு விட்டு வைத்துவிடுங்கள். சொட்டு என்றேன், ஸ்பிரே அடிக்காதீர்கள். கிளட்ச் தட்டு பக்கத்திலேயே இருக்கிறது, அதில் எண்ணெய் பட்டால் கிளட்ச் வழுக்கும், ஒரு வேலை இரண்டு வேலையாகும். சூடு காட்டலாமா என்று கேட்பார்கள். இரும்பைவிட அலுமினியம் சூட்டில் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும், அதனால் சூடு காட்டினால் புல்லி ஷாஃப்டை விட்டு இளகும், கணக்கு சரிதான். ஆனால் டேபிளுக்கு அடியில் பஞ்சும் நூல் தூசும் மூட்டையாகத் தொங்குகிற இடத்தில் கேஸ் நெருப்பைக் கொண்டுபோகிற வேலையை நான் செய்யமாட்டேன். கொதிக்கிற தண்ணீரில் துணியை நனைத்துப் பிழிந்து, கரண்ட் இல்லாத புல்லியின் கழுத்தில் மட்டும் சுற்றி இரண்டு நிமிஷம் வைத்தால் போதும், அந்த இளக்கத்திலேயே புல்லருக்கு வந்துவிடும்.

புல்லி வெளியே வரும்போது கீ கீழே விழும். விரல் நுனி அளவு இரும்புத் துண்டு, தரையில் உருண்டு மூலையில் போய்ப் படுத்துக்கொள்ளும். கீழே ஒரு வெள்ளைத் துணியை விரித்துவிட்டு வேலை செய்யுங்கள்.

புதுசை மாட்டும் முன் ஷாஃப்டை நைஸ் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துத் துருவை எடுத்துத் துடையுங்கள். கிரப் ஸ்க்ரூ கடித்த இடத்தில் சின்ன மேடு இருக்கும், அதை அரத்தால் ஒரு இழுப்பு இழுத்தால் போதும். கீயை அதன் பள்ளத்தில் வைத்து, ஒரு துளி எண்ணெய் தடவி, புல்லியைக் கையால் தள்ளுங்கள். கையால் போக வேண்டும். சுத்தியல் கேட்டால் ஏதோ அளவு தப்பு என்று அர்த்தம், வெளியே எடுத்துப் பாருங்கள்.

முழுசாக இறுக்கிவிடாதீர்கள், நேர் பார்க்க வேண்டும். கை வீலின் பள்ளமும் மோட்டார் புல்லியின் பள்ளமும் ஒரே நேர்க்கோட்டில் இருக்க வேண்டும். கை வீலிலிருந்து டேபிள் ஓட்டை வழியாகக் கீழே ஒரு நூல்குண்டு விட்டுப் பார்ப்பது என் வழக்கம், பாபினைக் கட்டித் தொங்கவிட்டாலே போதும், கொத்தனார் குண்டெல்லாம் தேவையில்லை. கை வீலின் பள்ளத்து நடுவில் நூலைப் பிடித்தால் அது கீழே புல்லியின் பள்ளத்து நடுவில் விழ வேண்டும். ஒருவேளை டேபிள் சாய்ந்திருந்தால் இது ஏமாற்றும், அதனால் பெல்ட்டை மாட்டிவிட்டு முன்னால் நின்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தும் உறுதி செய்துகொள்ளுங்கள். பெல்ட் எந்த இடத்திலும் டேபிள் மரத்தை உரசக்கூடாது. இரண்டு மி.மீ. விலகினால் என்ன என்று விட்டால், ஒரே வாரத்தில் மோட்டார் அடியில் கரித்தூள் மாதிரி கருப்பாகப் பொடி கொட்டிக் கிடக்கும். அது பெல்ட் தேய்ந்த தூள். நேரானதும் கீ மேல் இருக்கும் ஸ்க்ரூவை முதலில் இறுக்கி, அப்புறம் மற்றதை.

பெல்ட் இறுக்கம்: மோட்டாரை இறக்கி, கை வீலுக்கும் புல்லிக்கும் நடுவில் பெல்ட்டை ஒரு விரலால் சாதாரணமாக அழுத்தினால் 10 முதல் 15 மி.மீ. உள்ளே போக வேண்டும், ஒரு விரல் அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் ஆட்கள் வீணைக் கம்பி மாதிரி இறுக்குவார்கள். அப்படி இறுக்கினால் மெஷினின் மேல் ஷாஃப்ட் பேரிங்கும் மோட்டார் பேரிங்கும் சேர்ந்து சூடாகும். தொளதொளவென்று விட்டால் தடித்த துணியில் மோட்டார் சுற்றும், ஊசி நிற்கும். புது பெல்ட் ஒரு வாரத்தில் கொஞ்சம் இளகும், மறுபடி ஒருமுறை பார்க்க வேண்டும்.

கரண்ட் கொடுக்கும் முன் கை வீலைக் கையால் இரண்டு மூன்று சுற்று சுற்றிப் பாருங்கள், மேல்பக்கம் உங்களை நோக்கி வருகிற மாதிரி. எங்கேயும் தட்டக்கூடாது. பெல்ட் கவரை மாட்டிவிட்டுத்தான் பிளக். சின்னப் புல்லி போட்ட பிறகு பெல்ட் வேறு கோணத்தில் வருவதால் பழைய கவரில் உரசலாம், ஓட்டையைக் கொஞ்சம் தள்ளி மாட்டுங்கள், ஆனால் கவரே வேண்டாம் என்று தூக்கிப் போடாதீர்கள். என்னோடு வேலை பார்த்த ஒரு பெண்ணின் துப்பட்டா முனை கை வீலில் சுற்றிக்கொண்டதை நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். யாரோ மோட்டாரை அணைத்தார்கள், கழுத்தில் ஒரு சிவப்புக் கோட்டோடு போயிற்று. அன்றைக்கு அந்த மெஷினுக்குக் கவர் இல்லை.

புல்லி மாற்றியதால் சுற்றும் திசை மாறாது. மாறியிருந்தால் யாரோ வயரில் கை வைத்திருக்கிறார்கள். மூன்று ஃபேஸ் மோட்டார் என்றால் ஏதாவது இரண்டு வயரை மாற்றிக் கொடுத்தால் திசை சரியாகும், அதை எலெக்ட்ரீஷியனிடமே விடுங்கள்.

நூல் போடாமல், பிரஷர் ஃபுட்டைத் தூக்கி வைத்து ஒரு நிமிஷம் ஓட்டிப் பாருங்கள். மெஷினின் தலையில் கண்ணாடி ஜன்னல் இருக்கிறதே, அதில் எண்ணெய் தெறிக்கிறதா என்று பாருங்கள். இது முக்கியம், யாரும் சொல்லமாட்டார்கள். இந்த மெஷின்களில் எண்ணெய் பம்ப் மெஷின் ஓடுகிற வேகத்தில்தான் வேலை செய்கிறது. வேகம் குறைந்தால் எண்ணெயும் குறைவாக ஏறும். நான் தினமும் காலையில் முதல் வேலையாக இப்படி ஒரு நிமிஷம் முழுப் பெடலில் ஓட்டிவிடுவேன், வீட்டில் இன்னும் காபி கொதித்திருக்காது. பாபினைச் சுற்றி ஓடுகிற ஹூக் பக்கம் வறண்டு சத்தம் மாறினால் ஒரு துளி கையாலேயே விடுவேன்.

இதற்குப் பதில் சர்வோ மோட்டார் போட்டுவிடலாமே என்று கேட்பவர்களுக்கு: போடலாம், நல்லதுதான். கிளட்ச் மோட்டார் நீங்கள் தைக்காத நேரத்திலும் சும்மா சுற்றிக்கொண்டே கரண்ட் குடிக்கும், சர்வோ பெடல் மிதித்தால்தான் சுற்றும், சத்தமும் கிடையாது, வேகத்தைத் திருகி வைத்துக்கொள்ளலாம். ஆனால் அது ஆயிரக்கணக்கில் செலவு, புல்லியும் பெல்ட்டும் நூற்றுக்கணக்கில். என் நாலு மெஷினில் இரண்டில் சர்வோ, இரண்டில் இன்னும் பழைய கிளட்ச்தான். வேடிக்கை என்னவென்றால் சர்வோவிலும் தடித்த துணிக்கு நான் புல்லியை மாற்ற வேண்டியிருந்தது. வேகத்தைத் திருகிக் குறைத்தால் வேகம்தான் குறைகிறது, பலம் கூடுவதில்லை. பை தைக்கிற மெஷினில் 70 புல்லியை எடுத்துவிட்டு 50 போட்ட பிறகுதான் நாலு மடிப்பில் ஊசி தயங்காமல் இறங்கியது.

புதுசாக வருகிற பெண்களை இப்போது 60 புல்லி மெஷினில்தான் உட்கார வைக்கிறேன். ஒரு மாசம் கழித்து, "அக்கா, இது ரொம்ப மெதுவா ஓடுது" என்று அவர்களே சொல்லும்போது 80 போட்டுக் கொடுப்பேன். அதனால் கழற்றிய புல்லி எதையும் இரும்புக் கடைக்குப் போடுவதில்லை. ஒவ்வொன்றிலும் ஒரு துணிப் பட்டையைக் கட்டி, விட்டம், ஓட்டை அளவு, எந்த பெல்ட் என்று பேனாவால் எழுதி டேபிள் காலில் மாட்டி வைத்திருக்கிறேன். உடைந்த அந்த 110-ம் அங்கேதான் தொங்குகிறது.